அறிவிப்பு எல்லோருக்கும் எட்டட்டும்

கல்வி உதவித்தொகை அறிவிப்பை இணையதளத்தில் தேடும் பெற்றோருக்கு முதலில் வேண்டியவை மூன்று: யார் விண்ணப்பிக்கலாம், என்னென்ன சான்றிதழ்கள் வேண்டும், கடைசி நாள் எது. இவை மேலே இருக்கட்டும். அரசாணை எண்ணும் பார்வைக் குறிப்புகளும் பின்னால் வரலாம்.

"விண்ணப்பங்கள் சமர்ப்பிக்கப்பட வேண்டும்" என்றால் யாரிடம் என்பது தெரியாது. "விண்ணப்பத்தைத் தலைமையாசிரியரிடம் கொடுங்கள்" என்பதே தெளிவு.

சுற்றறிக்கையை ஸ்கேன் செய்து ஏற்றினால் அது வெறும் படம்தான். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் மென்பொருள் அதைச் சரிவரப் படித்துக் காட்டாது. பாமினி போன்ற பழைய எழுத்துருவிலும் இதே சிக்கல்: திரையில் தமிழாகத் தெரிவது, உள்ளே ஆங்கில எழுத்துகளாகவே சேமிக்கப்பட்டிருக்கும். ஆகவே ஒருங்குறியில் தட்டச்சு செய்யுங்கள்.

திரைவாசிப்பானில் இணைப்புகளை மட்டும் தனியே கேட்போரும் உண்டு. அவர்களுக்கு "இங்கே சொடுக்கவும்" பயன்படாது. "விண்ணப்பப் படிவம்" என்றே எழுதுங்கள். இது சலுகை அன்று. தகவல் அணுகத்தக்க வடிவில் கிடைப்பதை மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 வலியுறுத்துகிறது.

வெளியிடுமுன் ஒரு பெற்றோரிடம் படிக்கக் கொடுத்து, "கடைசி நாள் எது? என்ன கொண்டுவர வேண்டும்?" என்று கேளுங்கள். அவர் தடுமாறும் வரியைத் திருத்துங்கள். புரியாத ஒரு வரியால், தகுதியுள்ள குழந்தை உதவித்தொகையை இழந்துவிடக் கூடாது.