மீன்தொட்டியின் கலிங்கு

பகலில் அந்தச் சத்தம் கேட்காது. டிவி, மிக்ஸி, தெருவில் போகும் ஆட்டோ எல்லாம் சேர்ந்து அதை மூடிவிடும். இரவு பத்தரைக்கு மேல் வீடு அடங்கியதும் கூடத்து மூலையிலிருந்து 'களக் களக்' என்று கிளம்பும். கொஞ்ச நேரம் அடங்கும். பிறகு இளநீரின் கடைசி மடக்கை ஸ்ட்ராவால் இழுப்பது போல நீளமாக ஓர் உறிஞ்சல். மறுபடி அமைதி, மறுபடி உறிஞ்சல். நான்கடித் தொட்டி வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே அம்மா கேட்டுவிட்டாள்: "ஏன்டா, ராத்திரிக்காவது இதை நிறுத்தி வெச்சா என்ன?"

நிறுத்த முடியாது. மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைத் தின்று தண்ணீரைக் காப்பாற்றும் பாக்டீரியாக்கள் ஃபில்டருக்குள்தான் வாழ்கின்றன. தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தால்தான் அவற்றுக்கு ஆக்சிஜன் கிடைக்கும். ஓட்டம் பல மணி நேரம் நின்றுபோனால் அவை மூச்சுத் திணறிச் சாகத் தொடங்கும். ஆகவே தண்ணீர் ஓடத்தான் வேண்டும். சத்தமில்லாமல் ஓட வேண்டும். அதற்கு வழி உண்டு.

முதலில் தொட்டியின் அமைப்பு. சம்ப் என்றால் சென்னைக்காரர்களுக்கு வாசலில் மண்ணுக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி. மீன் வளர்ப்பவர்களுக்கு அது பெரிய தொட்டியின் கீழே, மர ஸ்டாண்டுக்குள் ஒளிந்திருக்கும் சின்னத் தொட்டி. ஃபில்டர், ஹீட்டர், மோட்டார் எல்லாம் அங்கேதான். மோட்டார் தண்ணீரை மேலே தள்ளுகிறது. மேல்தொட்டியின் ஓரத்தில் கண்ணாடியால் தடுத்த ஓர் அறை. தடுப்பின் மேல்விளிம்பில், மீன் போய்விடாதபடி சீப்புப் பல் போன்ற வெட்டுகள். நிரம்பிய தண்ணீர் அந்தப் பற்களின் இடுக்கில் வழிந்து அறைக்குள் விழுந்து, குழாய் வழியாகச் சம்ப்புக்கு இறங்குகிறது. கடைக்காரர்கள் இதை ஓவர்ஃப்ளோ என்பார்கள். ஏரிப்பாசனம் தெரிந்தவர்களுக்கு வேறு விளக்கமே வேண்டாம், இது கலிங்கு. ஏரி நிரம்பியதும் கரையை உடைக்காமல் மிகைநீரை வெளியே விடும் அதே வேலையைத்தான் இந்தக் கண்ணாடி விளிம்பும் செய்கிறது. எவ்வளவு தண்ணீர் வந்தாலும் நீர்மட்டம் விளிம்பை ஒட்டியே நிற்கும். மேலே மிதக்கும் எண்ணெய்ப் படலமும் அதோடு வழிந்து போய்விடும்.

இனி சத்தத்துக்கு வருவோம். ஓடும் தண்ணீர் சலசலக்கிறது என்று நாம் சொல்வது முழு உண்மை அல்ல. குழாய் நிறையத் தண்ணீர் மட்டுமே ஓடினால் காதை வைத்துக் கேட்டாலும் ஒன்றும் பெரிதாகக் கேட்காது. தண்ணீருக்குள் காற்று மாட்டிக்கொள்ளும்போதுதான் ஓசை பிறக்கிறது. மார்செல் மின்னார்ட் என்ற வானியலாளர் 1933-இல் இதைக் கணக்கோடு விளக்கினார். நீருக்குள் சிக்கிய குமிழி ஒரு ஸ்பிரிங் மாதிரி. உள்ளே இருக்கும் காற்று அமுங்கி விரிகிறது. சுற்றியுள்ள நீர் அந்த ஸ்பிரிங்கில் கட்டிய எடைபோல் ஆடுகிறது. அந்த ஆட்டம்தான் நம் காதுக்கு வருகிறது. குமிழி சிறுத்தால் சுருதி ஏறும். ஒரு சென்டிமீட்டர் அகலக் குமிழி ஏறக்குறைய 650 ஹெர்ட்ஸில் 'களக்' என்கிறது. இரண்டு மில்லிமீட்டர் குமிழி 3,200 ஹெர்ட்ஸைத் தாண்டிக் கீச்சிடுகிறது. மனிதக் காது மிகக் கூர்மையாக இருப்பதும் ஏறத்தாழ அந்தச் சுருதியில்தான். பொடிக் குமிழிகளின் இரைச்சல் தூக்கத்தைக் கெடுப்பதில் ஆச்சரியமே இல்லை.

எங்கள் தொட்டியின் வடிகுழாய் நேராக நின்ற ஒரு வெறும் பி.வி.சி. பைப், ஒரு அங்குலம். டார்ச் அடித்து மேலிருந்து பார்த்தேன். பைப்பின் வாயில் தண்ணீர் சுழித்து இறங்கிக்கொண்டிருந்தது. சுழியின் நடுவே பென்சில் நுழையும் அளவுக்கு ஒரு காற்றுத் தூண். உள்ளே நீர் பைப்பின் சுவரை ஒட்டி வழிய, நடுவில் காற்று. கீழே பைப் வளையும் எல்போவில் இரண்டும் மோதிக்கொள்கின்றன. பைப்பில் கை வைத்தால் அந்த மோதல் உள்ளங்கையில் துடிப்பாகத் தெரிந்தது.

விட்டு விட்டு வந்த உறிஞ்சலுக்குக் காரணம் வேறு. கேனிலிருந்து மண்ணெண்ணெய் எடுக்க ட்யூபைப் போட்டு வாயால் ஒருமுறை இழுத்துவிட்டால் பிறகு அதுவே ஓடுமே, அந்த சைஃபன்தான். இந்த உயரத்தில் ஒரு அங்குலப் பைப் காற்றில்லாமல் நிரம்பி ஓடினால் மணிக்கு 3,000 லிட்டர் அளவுக்கு இறக்கிவிடும். எங்கள் மோட்டார் மேலே அனுப்புவதோ அதில் பாதி. எனவே பைப் நிரம்பி சைஃபன் பிடித்ததும் அறையின் நீர்மட்டம் மளமளவென்று இறங்குகிறது. பைப்பின் வாய் வெளியே தெரிந்ததும் காற்று உள்ளே பாய்கிறது. அதுதான் அந்த நீண்ட உறிஞ்சல். சைஃபன் அறுந்துவிடும். மட்டம் மெல்ல ஏறும், மீண்டும் சைஃபன் பிடிக்கும். இரவு முழுக்க இதே சுற்று.

இதற்கு அமெரிக்காவில் தொட்டியில் பவளம் வளர்ப்பவர்களிடையே பிறந்த மருந்து ஒன்று உண்டு. ரிச்சர்ட் டர்ஸோ என்பவர் பெயரால் அதை டர்ஸோ பைப் என்கிறார்கள். நிற்கும் பைப்பின் தலையில் மூன்று வாய் கொண்ட 'டீ' இணைப்பு ஒன்று. அதன் பக்கவாட்டு வாயில் கீழ்நோக்கிய எல்போ. மேல்வாயில் எண்ட் கேப், அந்தக் கேப்பில் ஒரு சின்னத் துளை. தண்ணீர் இப்போது மேற்பரப்பிலிருந்து இறங்காமல் எல்போ வழியாக அடியிலிருந்து நுழைகிறது. சுழி விழ இடமில்லை. பைப்புக்கு வேண்டிய காற்று மேலே உள்ள துளை வழியாக மட்டும், அளவாகப் போகிறது.

எல்லாம் அந்தத் துளையில்தான் இருக்கிறது. 3 மி.மீ. டிரில் பிட்டால் ஆரம்பித்தேன். உறிஞ்சல் நிற்கவில்லை, இடைவெளி மட்டும் நீண்டது. காற்று போதவில்லை, சைஃபன் இன்னும் பிடிக்கிறது என்று அர்த்தம். 4 மி.மீ. ஆக்கினேன். 5 மி.மீ. ஆனதும் அறையின் நீர்மட்டம் ஓரிடத்தில் அசையாமல் நின்றது. இன்னும் பெரிதாக்கினால் துளையே 'உஸ்' என்று சீறும். சின்னதாகத் தொடங்கிப் பெரிதாக்கிக்கொண்டு போவதுதான் முறை. பெரிதான துளையைச் சுருக்க முடியாது. ஏர் பம்ப் ட்யூபுக்கு விற்கும் பிளாஸ்டிக் வால்வு ஒன்றைத் துளையில் செருகிவிட்டால் திருகியே சரிசெய்துகொள்ளலாம்.

மேலே பைப் உயர்ந்ததால் இன்னொரு நன்மையும் கிடைத்தது. முன்பு அறைக்குள் தண்ணீர் முக்கால் அடி உயரத்திலிருந்து அருவியாக விழுந்தது. இப்போது அறையின் மட்டம் சீப்புக்கு இரண்டு விரல்கிடை கீழே நிற்கிறது. நீர் கண்ணாடியைத் தழுவி இறங்குகிறது, விழுவதில்லை.

கீழ்முனையில் ஒரு சங்கதி பாக்கி. பைப் சம்ப்பின் நீருக்குள் ஒரு சாண் ஆழம் முங்கியிருந்தது. இறங்கி வரும் காற்று அந்த நீரைத் தள்ளிக்கொண்டு வெளியேற முடியாமல் தேங்கி, திடீரென ஏப்பம் விடும். ஆக்ஸா பிளேடால் அறுத்து இரண்டு சென்டிமீட்டர் மட்டும் முங்கும்படி விட்டேன். ஏப்பம் அன்றே நின்றது.

டர்ஸோ காற்றோடு சமாதானம் செய்துகொள்ளும் முறை. காற்றை அறவே விரட்டும் முறையும் உண்டு. என் கணிப்பில் புதிதாகத் தொட்டி கட்டுபவர்கள் அதைத்தான் செய்ய வேண்டும். வடிகுழாயில் ஒரு கேட் வால்வு வைத்து, மோட்டார் அனுப்பும் அளவுக்குச் சமமாக மூடிக்கொண்டே வந்தால் பைப் எப்போதும் நிரம்பியே ஓடும். காற்றில்லை, குமிழியில்லை, சத்தமில்லை. பால் வால்வு இதற்குச் சரிவராது. கைப்பிடி ஒரு நூல் அசைந்தாலே ஓட்டம் எங்கோ போய்விடும். கேட் வால்வைத்தான் சுற்றுச் சுற்றாக நுணுக்கித் திருகலாம். ஹார்டுவேர் கடையில் பித்தளை வால்வைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார்கள். கடல்நீர்த் தொட்டிக்கு அதை வாங்கவே கூடாது. பித்தளையின் செம்பு கரைந்து இறாலையும் பவளத்தையும் கொன்றுவிடும். பி.வி.சி. கேட் வால்வு தேடி வாங்குங்கள்.

ஆனால் இப்படி நெருக்கி வைத்த ஒற்றைப் பைப்பை நம்பித் தூங்கக் கூடாது. ஒரு இலை, ஒரு நத்தை போதும், அடைத்துக்கொள்ளும். மோட்டார் நிற்காமல் ஏற்றிக்கொண்டே இருக்கும், தண்ணீர் தரையில் ஓடும். அதனால் பக்கத்திலேயே சற்று உயரமாக, வால்வு இல்லாத இரண்டாவது பைப் ஒன்று கட்டாயம் வேண்டும். மட்டம் ஏறினால் அது எடுத்துக்கொள்ளும். அவசரப் பைப் பேசத் தொடங்கினால் முதல் பைப்பில் ஏதோ அடைத்திருக்கிறது என்று பொருள். இந்த ஒரு சத்தம் மட்டும் இருக்கட்டும்.

சரிசெய்து முடித்ததும் மோட்டாரை ஒருமுறை அணைத்துப் போட வேண்டும். நம் ஊரில் கரண்ட் போகாமலா இருக்கும்? மோட்டார் நின்றதும் மேல்தொட்டி சீப்பின் அடிவிளிம்பு வரை வடியும். 120 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலத் தொட்டியில் ஒவ்வொரு சென்டிமீட்டர் இறக்கமும் 5.4 லிட்டர். மேலே தள்ளும் குழாயின் முனை நீருக்குள் முங்கியிருந்தால் அதுவும் எதிர்ப்பக்கமாக சைஃபன் பிடித்து இன்னும் இறக்கும். நீர்மட்டத்தை ஒட்டி அந்தக் குழாயில் ஒரு துளை போட்டால் காற்று புகுந்து அறுத்துவிடும். இத்தனையும் தாங்கும் காலியிடம் சம்ப்பில் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு மோட்டாரைப் போட்டு, கை படாமல் எல்லாம் பழைய நிலைக்கு வருகிறதா என்று கால் மணி நேரம் நின்று பாருங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது மாதம் ஒருமுறை கேப்பைக் கழற்றி, துளையில் படியும் பாசியைப் பல்குத்தும் குச்சியால் எடுக்கிறேன். ஒரு மாதம் மறந்துவிட்டேன். ஒரு நாள் காலையில் அம்மாதான் சொன்னாள்: "ராத்திரி மறுபடியும் இளநி குடிச்சுதுடா, போய்ப் பாரு."