கணக்கறிக்கை பொய் சொன்னால் யார் பொறுப்பு?

பங்குச் சந்தையில் பதிவான கம்பனியின் கணக்கறிக்கை என்றால், அதனை அதிகாரிகள் சரிபார்த்தே வெளியிட விடுகிறார்கள் என்று எமது வியாபாரிகள் பலர் நம்புகின்றனர். உண்மை அதுவல்ல. அறிக்கை உரிய நாளில், உரிய படிவத்தில், கணக்காய்வாளரின் கையொப்பத்துடன் வந்ததா என்பதே முதலில் பார்க்கப்படுகிறது. அதில் காட்டிய பணம் வங்கியில் இருக்கிறதா என்று எண்ணிப் பார்ப்பவர் அங்கு எவருமில்லை.

இதனை விளங்கிக்கொள்ள இந்தியாவின் 'சத்யம் கம்ப்யூட்டர்' விவகாரம் போதும். 2009 ஜனவரி 7ஆம் திகதி அதன் தலைவர் ராமலிங்க ராஜு பணிப்பாளர் சபைக்கு ஒரு கடிதம் எழுதினார். ஐந்தொகையில் காட்டிய காசு மற்றும் வங்கி மீதி 5,361 கோடி இந்திய ரூபாவில் 5,040 கோடி இல்லவே இல்லை என்றார். முந்திய செப்டெம்பர் காலாண்டின் தொழிற்பாட்டு இலாபமாக 649 கோடி அறிவிக்கப்பட்டிருந்தது. உண்மையில் கிடைத்தது 61 கோடி. அன்றே பங்கின் விலை நான்கில் மூன்று பங்குக்கு மேல் சரிந்தது. சிறந்த கம்பனி நிர்வாகத்துக்கான விருதை அந்நிறுவனம் பெற்று நான்கு மாதங்கள்தான் ஆகியிருந்தன!

மோசடியைக் கண்டுபிடித்தது இந்தியப் பிணையங்கள் சபையான 'செபி' அல்ல. செய்தவரே எழுதி, அதற்கும் ஒரு பிரதி அனுப்பினார்.

இத்தனை காலம் மறைந்திருந்தது எப்படி? போலி விலைப்பட்டியல்களும் போலி வங்கிக் கூற்றுகளும் தயாரிக்கப்பட்டன. கணக்காய்வாளர் வங்கிக்கு நேரடியாக எழுதி, பதிலையும் நேரடியாகப் பெற வேண்டும் என்பது விதி. இங்கு அந்தக் கடிதப் போக்குவரத்து கம்பனியின் கைக்கே விடப்பட்டிருந்தது. கடைக்கணக்கை முதலாளி சரிபார்க்கும்போது வங்கிப் புத்தகத்தைக் கணக்குப்பிள்ளையிடமே எழுதி வாங்குவது போன்றது இது.

பின்னர் நடவடிக்கை வந்தது. 2014இல் ராஜுவுக்கு செபி 14 ஆண்டுகள் சந்தைத் தடை விதித்தது. கணக்காய்வு நிறுவனமான பிறைஸ் வோட்டர்ஹவுஸ் வலையமைப்புக்கு 2018 ஜனவரியில் இரண்டாண்டுத் தடை விதித்தது. ஆனால் 2019 செப்டெம்பரில் மேன்முறையீட்டு நியாயசபை அத்தடையை நீக்கியது. கணக்காய்வின் தரத்தை விசாரிப்பது பட்டயக் கணக்காளர் நிறுவகத்தின் வேலை, கணக்காய்வாளர் மோசடியில் பங்குகொண்டார் என்று நிரூபித்தாலன்றி செபி தண்டிக்க முடியாது என்பதே அதன் நிலைப்பாடு. செபி உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. சட்டப்படி அந்த வாதத்தில் நியாயம் இருக்கலாம். பணத்தை இழந்தவனுக்கு அது என்ன ஆறுதல்?

நட்டஈட்டின் கதை வேறு. நியூயோர்க் சந்தையிலும் சத்யம் பதிவாகியிருந்தது. அங்குள்ள முதலீட்டாளர்கள் கூட்டாக வழக்குத் தொடுத்ததால், 2011இல் சத்யம் 12.5 கோடி டொலரும், கணக்காய்வாளர் தரப்பு 2.55 கோடி டொலரும் தர இணங்கின. இந்தியாவில் அதே பங்கை வாங்கியவர்களுக்கு அவ்வாறு கூட்டாக வழக்காட அப்போது கம்பனிச் சட்டத்தில் இடமிருக்கவில்லை. அந்த உரிமை 2013ஆம் ஆண்டின் புதிய சட்டத்தில்தான் சேர்க்கப்பட்டது.