பதினான்கு பேர்தான் வாங்கினார்கள்

எங்கள் வீட்டுக்கு பிளேஸ்டேஷன் 2 வந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. வாங்கும்போதே கடைக்காரர் ‘சிப்’ பொருத்திக் கொடுத்துவிட்டார். அது இருந்தால்தான் நகல் சிடி ஓடும். பசார் மாலாமில் ஒரு கேம் ஐந்து வெள்ளி. அசலை வாங்கினால் நூறு வெள்ளிக்கு மேல் போகும். அப்பாவிடம் அசல் கேட்கும் துணிச்சல் யாருக்கு இருந்தது? அது திருட்டு என்று வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

2007-இல் சிடியை மோப்பம் பிடிக்கப் பழகிய லக்கி, ஃப்ளோ என்ற இரண்டு கறுப்பு நாய்களை மலேசியாவுக்குக் கொண்டுவந்தார்கள். பத்திரிகையில் அவற்றின் படத்தைப் பார்த்து நாங்கள் சிரித்தோம். எங்கள் வட்டாரக் கடை அடுத்த வரிசைக்கு மாறியது, அவ்வளவுதான்.

இப்போது என் அக்கா மகன் கேம் டிசைன் படிக்கிறான். அறைச் சுவரில் ‘நோ ஸ்ட்ரெயிட் ரோட்ஸ்’ போஸ்டர். 2020-இல் வெளிவந்த அந்த கேமை உருவாக்கியது கோலாலம்பூரில் இருக்கும் மெட்ரோனோமிக். ஜப்பானில் ‘ஃபைனல் ஃபேன்டசி 15’-இல் வேலை செய்துவிட்டு நாடு திரும்பிய வான் ஹஸ்மர் தொடங்கிய நிறுவனம் அது. அவரைப் போல வரவேண்டும் என்று இவனும் இரண்டு நண்பர்களோடு எட்டு மாதம் தூக்கம் கெட்டு ஒரு சின்ன கேம் செய்தான். விலை பத்து வெள்ளி.

“மாமா, வாங்கினது பதினாலு பேரு. ஆனா ஸ்கோர் பட்டியல்ல அறுபது பேரு இருக்காங்க.”

மீதிப் பேர் யார்? பாதிக்கு மேல் அவன் வகுப்புப் பையன்கள்தான். டெலிகிராமில் ஃபைல் சுற்றியிருக்கிறது.

அவனைத் தேற்ற ஒரு கதை சொன்னேன். 2013 ஏப்ரலில் கிரீன்ஹார்ட் கேம்ஸ் என்ற சிறு நிறுவனத்தின் கிளக் சகோதரர்கள் ‘கேம் டெவ் டைகூன்’ வெளியிட்டார்கள். கேம் நிறுவனம் நடத்துவதுதான் விளையாட்டே. விலை எட்டு டாலர். எப்படியும் திருடுவார்கள் என்று தெரிந்து, அவர்களே ஒரு திருட்டுப் பிரதியை டோரண்ட்டில் போட்டார்கள். அதில் ஒரு கட்டத்துக்கு மேல், நீங்கள் தயாரிக்கும் கேம்களை எல்லாரும் காசு கொடுக்காமல் நகலெடுக்க, உங்கள் நிறுவனம் திவாலாகிவிடும். முதல் நாளில் விளையாடியவர்கள் 3,318 பேர். காசு கொடுத்தவர்கள் 214. திருட்டுப் பிரதிக்காரர்கள் சிலர், “என் கேமை இப்படித் திருடுகிறார்களே, தடுக்க வழி இல்லையா?” என்று இணையத்தில் புலம்பியதுதான் உச்சம்!

அவன் சிரிக்கவில்லை.

திருடிய அத்தனை பேரும் இல்லையென்றால் வாங்கியிருப்பார்கள் என்று நானும் சொல்லமாட்டேன். விலை எட்டினால் நம்மவர்கள் வாங்கவே செய்கிறார்கள். ஸ்டீமில் ரிங்கிட் விலையும் தள்ளுபடியும் வந்த பிறகு, என் நண்பர்கள் பலர் நகலை விட்டுவிட்டார்கள். பெரிய நிறுவனம் ஒரு கேமில் விட்டதை அடுத்ததில் பிடித்துவிடும். மூன்று பையன்கள் செய்த பத்து வெள்ளி கேமுக்கு அடுத்தது என்று ஒன்று இருக்குமா என்பதே சந்தேகம். மூவரில் ஒருவன் இப்போது பகுதிநேர வேலைக்குப் போய்விட்டான்.

இதை வானொலியில் பேசலாம் என்று லேப்டாப்பைத் திறந்து குறிப்பெடுத்தேன். எட்டிப் பார்த்தவன் கேட்டான்: “மாமா, அந்த ஃபுட்பால் கேம் அசலா?”

அன்றிரவே அதை அழித்தேன். அசல் இன்னும் வாங்கவில்லை, தள்ளுபடிக்குக் காத்திருக்கிறேன். அவனுடைய கேமுக்குப் பத்து வெள்ளி கட்டிவிட்டேன். பதினைந்தாவது ஆள் நான்.