தூசி தின்ற என்ஜினுக்கு யார் பொறுப்பு?

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிய ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று வேண்டும். தோட்டத்திலோ மணற்காட்டிலோ ஓடும் ஏடிவி (கரடுமுரடான நிலத்தில் ஓட்டும் நான்கு சக்கர வண்டி) ஒரு நாளில் 10 லிட்டர் பெட்ரோல் குடித்தால், பல தண்ணீர் லாரிகள் கொள்ளும் காற்றை அது உள்ளே இழுத்திருக்கிறது. தார்ச்சாலையில் ஓடும் வண்டிக்கும் இதே கணக்குதான். ஆனால் ஏடிவி தன் நான்கு பெரிய டயர்களும் கிளப்பிவிடும் புழுதிக்கு நடுவில்தான் மூச்சு வாங்குகிறது. அந்தப் புழுதியிலிருந்து என்ஜினைக் காப்பது ஒரு ஸ்பாஞ்சுத் துண்டு, அல்லது மடித்து வைத்த காகிதம். அதுதான் ஏர் ஃபில்டர். வண்டியின் மலிவான பாகங்களில் ஒன்று. என்ஜின் பிழைக்குமா என்பது மட்டுமல்ல, என்ஜின் போனபின் வாரன்டி கிடைக்குமா என்பதும் பெரும்பாலும் இதை வைத்தே முடிவாகிறது.

திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கத்துத் தேரி மண்ணை ஒரு கைப்பிடி அள்ளிப் பாருங்கள். மேலே தெரியும் சிவப்பு இரும்பு ஆக்சைடின் பூச்சு. உள்ளே இருப்பது பெரும்பாலும் குவார்ட்ஸ். சாதாரண இரும்பைவிடக் கடினமான பொருள் அது. கண்ணுக்குத் தெரிகிற மணலால் என்ஜினுக்கு ஆபத்து குறைவு. அது எளிதில் தடுக்கப்பட்டுவிடும். தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்கு, ஐந்தில் ஒரு பங்கு இருக்கிற நுண்தூசிதான் எமன். பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே உள்ள எண்ணெய்ப் படலத்தின் தடிமனும் சில மைக்ரான்தான். அந்த அளவுத் துகள் அங்கே புகுந்தால் உப்புத்தாளாக வேலை செய்யும்.

வலி உடனே தெரியாது என்பதுதான் இதில் கொடுமை. முதலில் வண்டி ஆயில் குடிக்கத் தொடங்கும். பிறகு நீலப்புகை வரும், காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும், மேட்டில் இழுவை இருக்காது. மெக்கானிக் திறந்து பார்த்துவிட்டு “ரிங் தேஞ்சு போச்சு, ரீபோர் பண்ணணும்” என்பார். அப்போது விரலால் தொட்டால் காற்றுக்குழாயின் உட்சுவரில் மெல்லிய புழுதி ஒட்டியிருக்கும். தூசி எந்த வழியாக வந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

ஃபில்டர்களில் மூன்று வகை. காகித ஃபில்டர் நுண்தூசியை நன்றாகப் பிடிக்கும். ஆனால் ஈரம் பட்டால் ஊறிப்போகும், அடர்ந்த புழுதியில் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். ஸ்பாஞ்சு ஃபில்டர் தன் ஆழம் முழுவதிலும் தூசியைத் தாங்கும். கழுவித் திரும்பப் பயன்படுத்தலாம். ஆனால் தூசியைப் பிடிக்கவைப்பது அதில் தடவிய எண்ணெய்ப் பிசுக்குதான். எண்ணெய் இல்லாத ஸ்பாஞ்சு வெறும் சல்லடை. மூன்றாவது, எண்ணெய் தடவிய பருத்தித் துணி ஃபில்டர். “பவர் கூடும்” என்று சொல்லி விற்கப்படுவது பெரும்பாலும் இதுதான். காற்று எளிதாகப் புகும் என்பது உண்மை. எளிதாகப் புகும் வழியில் நுண்தூசிக்கும் இடம் கிடைக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பந்தயத்துக்குப் பந்தயம் என்ஜினைப் பிரித்துப் பார்க்கிறவருக்கு அது சரிப்படலாம். தோட்டத்தில் உரமூட்டை சுமக்கவும் சுற்றுலாப் பயணிகளை ஏற்றவும் வண்டி வைத்திருப்பவர் அதை வாங்காமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. அதோடு, ஃபில்டர் உட்காரும் ஏர் பாக்ஸையே கழற்றிவிட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஃபில்டரை மாட்டினால் காற்று-எரிபொருள் விகிதமும் மாறும், மழைத்தண்ணீரும் நேராக உள்ளே போகும்.

வாங்கும்போது விளம்பர வாசகத்தை விட்டுவிட்டு விளிம்பைப் பாருங்கள். ஃபில்டர் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், விளிம்பு ஏர் பாக்ஸில் சரியாக உட்காராவிட்டால் தூசி சுற்றிக்கொண்டு போய்விடும். போலிச் சரக்கில் காகித மடிப்புகள் ஒரே சீராக இருக்காது, பசை விட்டுப்போயிருக்கும், ரப்பர் விளிம்பு விறைத்திருக்கும். ஏர் ஃபில்டர்களைச் சோதிக்க ஐஎஸ்ஓ 5011 என்றொரு சர்வதேச முறை இருக்கிறது. எவ்வளவு தூசியைத் தடுக்கிறது, எவ்வளவு தூசியைத் தாங்குகிறது, காற்றை எவ்வளவு தடுக்கிறது என மூன்றையும் அதில் அளப்பார்கள். “99 சதவீதம் பிடிக்கும்” என்று சொல்கிறவரிடம் அந்தச் சோதனை முடிவைக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தக்க சோதனை எதுவும் இல்லாமல் ஒரு பொருளின் திறனுக்கோ ஆயுளுக்கோ உத்தரவாதம் கொடுப்பது நேர்மையற்ற வணிக நடைமுறை. சோதனை செய்தோம் என்று விற்பவர் வாதிட்டால், அதை நிரூபிக்கும் பொறுப்பும் அவருடையதே. பில் கொடுக்க மறுப்பதும் அதே சட்டத்தில் அதே குற்றச்சாட்டின் கீழ்தான் வருகிறது. ஆகவே ஒரு ஸ்பாஞ்சுத் துண்டுக்குக்கூட பில் வாங்குங்கள்.

பராமரிப்பில் நம் ஆட்கள் செய்யும் தவறுகள் இரண்டு துருவங்களில் இருக்கின்றன. சிலர் திறந்தே பார்ப்பதில்லை. சிலர் தினமும் திறந்து, டயருக்குக் காற்றடிக்கும் ஹோஸை நேராக வைத்துக் காகித ஃபில்டரை ஊதுகிறார்கள். அந்த வேகத்தில் காகிதம் கண்ணுக்குத் தெரியாமல் கிழியும். காகித ஃபில்டரில் ஓரளவு தூசி படிந்திருப்பது நல்லதே. படிந்த தூசியே அடுத்து வரும் நுண்தூசியைத் தடுக்கும். அடைத்துக்கொண்டால் மாற்ற வேண்டியதுதான். தட்டி, ஊதி, கழுவி ஆயுளை நீட்ட நினைப்பது என்ஜினின் ஆயுளைக் குறைக்கும்.

ஸ்பாஞ்சைக் கழுவும் பக்குவம் வேறு. பெட்ரோல் வேண்டவே வேண்டாம்: தீ ஆபத்து ஒன்று, ஸ்பாஞ்சு ஒட்டின பசை கரையும் என்பது இன்னொன்று. ஃபில்டர் கிளீனர் இருந்தால் அதில், இல்லாவிட்டால் வண்டியின் கையேடு அனுமதிக்கும் திரவத்தில் நனைத்து, பிறகு சோப்புத் தண்ணீரில் அலசுங்கள். துணி பிழிவதுபோல் முறுக்காதீர்கள். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து அழுத்துங்கள். நிழலில் முழுக்க உலரட்டும். பிறகு ஃபில்டர் ஆயிலை எல்லா இடத்திலும் நிறம் சீராகத் தெரியும்வரை பிசைந்து தடவி, மிஞ்சியதை அழுத்தி எடுங்கள். கையேடு சொன்னாலொழிய என்ஜின் ஆயிலைத் தடவாதீர்கள். அது ஓரிரு நாளில் வழிந்து அடியில் தேங்கும், மேல்பாதி வறண்டுவிடும். விளிம்பில் மெல்லிதாகக் கிரீஸ் பூசுங்கள். பொருத்துமுன் ஒரு வெள்ளைத் துணியால் என்ஜின் பக்கக் குழாயின் உட்புறத்தைத் துடையுங்கள். துணியில் மண் ஒட்டினால், ஃபில்டர் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் எங்கோ கசிவு இருக்கிறது. கிளாம்பையும் ரப்பர் ஹோஸையும் பாருங்கள்.

வாட்டர் சர்வீஸ் செய்யும்போது ஏர் பாக்ஸின் மேல் பிரஷர் தண்ணீர் அடிக்க விடாதீர்கள். அதன் அடியில் தொங்கும் சிறு வடிகுழாயில் தண்ணீரோ சேறோ நின்றால் உள்ளேயும் நனைந்திருக்கும். ஓடையில் முங்கிய வண்டியை அப்படியே ஸ்டார்ட் செய்தால் சிலிண்டருக்குள் போன தண்ணீர் அமுங்காது. கனெக்டிங் ராடுதான் வளையும். பெல்ட்டில் ஓடும் ஏடிவிகளில் பெல்ட் பெட்டிக்கென்று தனிக் காற்றுவழி உண்டு; அதையும் மறக்க வேண்டாம்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை? கையேட்டில் போட்டிருக்கும் கணக்கு சாதாரணப் பயன்பாட்டுக்கு. ‘கடும் புழுதி’ என்று தனிக் குறிப்பு இருக்கும். நம் கோடைக்கு அதுதான் பொருந்தும். வாடகைக்கு விடும் இடங்களில் வண்டிகள் வரிசையாகப் போகின்றன. முதல் வண்டி கிளப்பும் புழுதியைப் பின்னால் வரும் வண்டிகள் எல்லாம் குடிக்கின்றன. அங்கே தினமும் பார்க்க வேண்டும். எண்ணெய் தடவித் தயாராக ஒரு மாற்று ஃபில்டரைக் காற்றுப் புகாத பையில் வைத்திருந்தால் அவசரத்துக்கு ஃபில்டர் இல்லாமல் ஓட்டும் தவறு நேராது.

இப்போது வாரன்டித் தகராறுக்கு வருவோம். வாரன்டிக் காலத்தில் என்ஜின் தேய்ந்தால் சர்வீஸ் சென்டர் சொல்லும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: “ஃபில்டர் பராமரிக்கல, எங்க பொறுப்பு இல்ல.” சில நேரம் அது சரியான பதில். சில நேரம் ஏர் பாக்ஸின் விளிம்பே கோணலாக வந்திருக்கும், அல்லது கிளாம்ப் சரியாக முடுக்கப்படாமல் வந்திருக்கும். வித்தியாசத்தைக் காட்டுவது உங்கள் கையிலுள்ள ஆதாரம் மட்டும்தான். ஒவ்வொரு முறை கழுவும்போதும் தேதி, ஓடிய மணிக்கணக்கு, ஒரு புகைப்படம்: இவ்வளவு போதும். மறுப்பை ஜாப் கார்டில் எழுத்தாகக் கேளுங்கள். என்ஜினைப் பிரிக்கும்போது உடன் இருப்பேன் என்று எழுதிக் கொடுங்கள். முக்கியமாக, அந்தப் பழைய ஃபில்டரைத் தூக்கி எறிய விடாதீர்கள். பையில் போட்டுக் கட்டி வையுங்கள். குறையைச் சோதனையில்தான் கண்டறிய முடியும் என்றால், மாவட்ட நுகர்வோர் ஆணையம் மாதிரியை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பச் சட்டத்தில் வழி இருக்கிறது. அனுப்புவதற்குப் பொருள் இருக்க வேண்டுமே.

வேறு நிறுவனத்தின் ஃபில்டர் போட்டதாலேயே வாரன்டி முழுவதும் ரத்து என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு எதிராகத் தந்த உத்தரவில், வெளியில் பழுது பார்த்தார் என்பதற்காக ஒட்டுமொத்தமாக வாரன்டியை ரத்து செய்யக் கூடாது, அந்த வேலையால் நேர்ந்த சேதத்தின் அளவுக்கே மறுக்கலாம் என்றது. அது கார்களைப் பற்றிய உத்தரவு, அதன் மேல் மேல்முறையீடுகளும் நடந்தன. என்றாலும் அதிலுள்ள நியாயத்தை ஏடிவி வைத்திருப்பவரும் தன் புகாரில் எடுத்துவைக்கலாம். மட்டமான ஃபில்டரால் தூசி போய் ரிங் தேய்ந்தால் நிறுவனம் மறுப்பது நியாயம். ஹெட்லைட் எரியாததற்கு ஃபில்டரைக் காட்டுவது நியாயம் அல்ல.

வாடகைக்கு விட்டுப் பிழைப்பவர்கள் “நாங்க நுகர்வோர் இல்லையே” என்று ஒதுங்கிவிடுகிறார்கள். வணிக நோக்கத்துக்கு வாங்கியவரைச் சட்டம் விலக்குவது உண்மை. ஆனால் சுயதொழிலாகத் தன் பிழைப்புக்கென்றே வாங்கிப் பயன்படுத்துபவரைச் சட்டம் விலக்கவில்லை. ஒரு வண்டி, இரண்டு வண்டி வைத்துத் தானே ஓட்டிப் பிழைப்பவர் தயங்காமல் புகார் தரலாம்.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசுங்கள். தீராவிட்டால் மாவட்ட ஆணையம். 50 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கியவை அங்கே வரும், 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் கட்டாயமில்லை. கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ஆயில் குடிக்கிறது என்று முதன்முதலில் தெரிந்த தேதியை அன்றைக்கே குறித்து வையுங்கள்.