ரங்கூனில் தங்கிவிட்ட அக்காவை டி.என்.ஏ. பரிசோதனையில் தேடலாமா?

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, எண்ணூர் பர்மா நகரிலிருந்து ஒரு குடும்பத்தார் என்னைப் பார்க்க வந்தார்கள். எழுபது வயது நன்னி, அவருடைய மகள், அமெரிக்காவில் வேலை பார்த்து விடுமுறைக்கு வந்திருக்கும் பேரன். நன்னி 1965இல் சிறுமியாக உம்மா வாப்பாவுடன் ரங்கூனில் கப்பலேறி மதராஸ் துறைமுகத்தில் இறங்கியவர். அவருடைய அக்கா வரவில்லை. அங்கேயே ஒரு பர்மிய முஸ்லிமுக்கு நிக்காஹ் ஆகியிருந்தது. சில ஆண்டுகள் கடிதம் வந்தது, பிறகு நின்றுவிட்டது.

"ஹஜ்ரத், எச்சிலைக் குழாயில் பிடித்து அனுப்பினால் சொந்தக்காரர்களைக் கண்டுபிடித்துத் தருகிறார்களாம். எந்தக் கம்பெனி நல்லது? மார்க்கத்தில் இது கூடுமா?" என்று பேரன் கேட்டார்.

நின்ற இடத்தில் பதில் சொல்லும் கேள்விகள் அல்ல அவை. படித்தும், விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டும் இதை எழுதுகிறேன். ஏனென்றால் வடசென்னையில் இந்தக் குடும்பம் மட்டும் இப்படி இல்லை. 1962இல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964இல் கடைகள் அரசுடைமையாயின, 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமல் போயின. தலைமுறைகளாக அங்கே வணிகம் செய்த தமிழர்கள் கையில் கிடைத்ததோடு ஊர் திரும்பினார்கள். பீச் ஸ்டேஷன் எதிரே உள்ள பர்மா பஜார் அப்படி வந்தவர்களின் கடைத்தெருதான். பலருக்கு அங்கே ஓர் அக்காவோ, சாச்சாவோ, பர்மியப் பெண்ணை மணந்த பெரிய வாப்பாவின் பிள்ளைகளோ நின்றுவிட்டார்கள்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். கம்பெனி யாரையும் தேடிப் போவதில்லை. உங்கள் மாதிரியைப் படித்து, ஏற்கனவே மாதிரி கொடுத்தவர்களோடு ஒப்பிடுகிறது, அவ்வளவுதான். அக்காவின் வீட்டில் யாருமே பரிசோதனை செய்திருக்காவிட்டால் எந்தக் கம்பெனியாலும் அவரைக் காட்ட முடியாது. யாங்கூனில் இதைச் செய்துகொள்பவர்கள் மிகக் குறைவு. ஆனால் அக்காவின் பேரப்பிள்ளைகளில் ஒருவர் அமெரிக்காவுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ போயிருக்கலாம். நம்பிக்கை வைப்பதானால் அந்த வழியில்தான் வைக்க வேண்டும்.

அடுத்தது, யாருடைய எச்சில்? பேரன் தன்னுடையதை அனுப்ப நினைத்திருந்தார். அது சரியான தேர்வு அல்ல. இருவருக்குப் பொதுவாக உள்ள டி.என்.ஏ.வை சென்டிமார்கன் என்ற அளவில் சொல்கிறார்கள். உடன்பிறந்தவர்களிடையே சராசரியாக 2,600 இருக்கும். நன்னிக்கும் அக்காவின் பிள்ளைக்கும் ஏறக்குறைய 1,750, அக்காவின் பேரப்பிள்ளைக்கும் அவருக்கும் சுமார் 850. அதே பேரப்பிள்ளையோடு நம் பேரனை ஒப்பிட்டால் 230 அளவுக்கு இறங்கிவிடும். ஒவ்வொரு தலைமுறையிலும் பாதி கரைகிறது. எனவே வீட்டில் உயிரோடு இருப்பவர்களில் மூத்தவரைத்தான் முதலில் பரிசோதிக்க வேண்டும், அதுவும் தள்ளிப்போடாமல்.

நம் சமுதாயத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. மாமா மகன், மாமி மகள், சாச்சா மகள் என்று சொந்தத்திலேயே திருமணம் முடிப்பது நமக்குப் பழக்கம். நன்னியே தன் மாமா மகனைத்தான் மணந்தவர். இப்படி இரண்டு பக்கமும் ஒரே வேரிலிருந்து வந்தால் பொதுவான அளவு கூடிவிடும். கம்பெனி 'நெருங்கிய உறவு' என்று காட்டுபவர் உண்மையில் மூன்று தலைமுறை தள்ளியவராக இருக்கலாம். அந்தக் கணிப்புகள் பெரும்பாலும் சொந்தத்தில் மணக்காத ஐரோப்பிய வம்சாவளியினரை வைத்து உருவானவை. எண்ணை மட்டும் பார்த்து முடிவு கட்டாமல், வீட்டுக் குடும்ப மரத்தைத் தாளில் வரைந்து வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள்.

இனி கம்பெனிகள். ஆன்செஸ்ட்ரி இருப்பதிலேயே பெரியது, 2.5 கோடிப் பேருக்கு மேல் மாதிரி கொடுத்திருக்கிறார்கள். வேறு கம்பெனியில் எடுத்த முடிவை அது ஏற்பதில்லை, அங்கே நுழைய அதன் கிட்டையே வாங்க வேண்டும். ஆனால் அங்கே எடுத்த முடிவைக் கோப்பாக இறக்கி, அதை ஏற்கும் ஃபேமிலி ட்ரீ டி.என்.ஏ.விலும் ஜெட்மேட்சிலும் ஏற்றிக்கொள்ளலாம். ஒரே கிட்டில் மூன்று இடங்களில் தேடல். அதனால்தான் ஆன்செஸ்ட்ரியில் தொடங்கச் சொன்னேன். அதில் ஒரு சங்கடம்: குழாய் நிறைய எச்சில் துப்ப வேண்டும், அதற்கு முன் அரைமணி நேரம் எதுவும் சாப்பிடக்கூடாது. வாய் உலர்ந்த முதியவர்களுக்கு அது கஷ்டம். வெற்றிலை போடும் நன்னிக்கு அந்த அரைமணி நேரமே கஷ்டம்! ஃபேமிலி ட்ரீ கிட்டில் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்தால் போதும்.

23அண்ட்மீயில் சுமார் 1.5 கோடிப் பேர் இருக்கிறார்கள். ஆனால் 2023இல் அதன் 14,000 கணக்குகளுக்குள் பழைய பாஸ்வேர்டுகளைக் கொண்டு நுழைந்தவர்கள், உறவினர் பட்டியல் வழியாக 69 லட்சம் பேரின் விவரங்களை அள்ளிப் போனார்கள். யாரோ ஒரு தூரத்துச் சொந்தக்காரரின் கவனக்குறைவில் உங்கள் விவரம் போய்விடும் என்பதுதான் இதிலுள்ள ஆபத்து. 2025 மார்ச்சில் அது திவால் மனு கொடுத்தது, பிறகு அதன் நிறுவனரே நடத்தும் ஓர் அமைப்புக்குக் கைமாறியது. மைஹெரிடேஜ் ஐரோப்பாவில் பலர் பயன்படுத்துவது. அதன் தலைமையகம் இஸ்ரேலில் இருக்கிறது, 2021 முதல் உரிமையாளர் ஓர் அமெரிக்க முதலீட்டு நிறுவனம். வாங்குவதும் விடுவதும் உங்கள் முடிவு, தெரிந்து முடிவெடுங்கள் என்பதற்காகச் சொல்கிறேன். இந்தியக் கம்பெனிகளின் விளம்பரம் பெரும்பாலும் நோய் அறிகுறிகளையும் பூர்வீகத்தையும் பற்றியதாக இருக்கிறது. பணம் கட்டுமுன், உறவினரைப் பொருத்திப் பார்க்கும் வசதி உண்டா என்று கேளுங்கள்.

பூர்வீகம் என்றதும் ஒன்று. நாம் அரபு வம்சம் என்று நிரூபிக்க இதை வாங்க விரும்புகிறவர்கள் என்னிடம் வருவதுண்டு. அந்தச் சதவீதங்கள் வெறும் கணிப்பு, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வம்சப் பெருமைக்காகப் பணம் செலவழிப்பதை நான் ஆதரிக்கவில்லை.

மார்க்கத்துக்கு வருவோம். உறவைத் தேடிச் சேர்ப்பது ஸிலத்துர் ரஹிம். வழி ஹலாலாக இருந்தால் அது நன்மை. முஜஸ்ஸிஸ் என்ற அடையாள நிபுணர், போர்வைக்கு வெளியே தெரிந்த ஸைத் (ரலி), உஸாமா (ரலி) இருவரின் பாதங்களை மட்டும் பார்த்து இவை ஒன்றுக்கொன்று உறவுடையவை என்று சொன்னபோது நபி (ஸல்) அவர்கள் மகிழ்ந்ததை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். ஷாஃபிஈ, மாலிகி, ஹன்பலி மத்ஹபுகள் இதை வைத்து, தெரியாத நஸபை அறிய அடையாள நிபுணரின் சொல்லை ஏற்கின்றன. ஹனஃபி மத்ஹப் ஏற்பதில்லை.

ஆனால் உறுதியாகிவிட்ட நஸபைச் சோதித்துப் பார்ப்பது வேறு விஷயம். நிக்காஹ் உறவில் பிறந்த குழந்தை அந்தக் கணவருக்கே உரியது என்பது சட்டம். மக்காவிலுள்ள ராபிதாவின் ஃபிக்ஹ் கவுன்சில் 2002 ஜனவரியில், தன் 16ஆவது அமர்வில், நஸபை மறுக்க டி.என்.ஏ.வை மட்டும் ஆதாரமாக்கக் கூடாது, உறுதியான நஸபைச் சரிபார்க்க அதைப் பயன்படுத்துவதும் கூடாது என்று தீர்மானித்தது. மருத்துவமனையில் மாறிய குழந்தைகள், பேரிடரிலும் போரிலும் தொலைந்தவர்கள் போன்ற விஷயங்களில் அனுமதித்தது. நம் நாட்டுச் சட்டமும் இதற்கு வெகு தூரத்தில் இல்லை. பிள்ளையின் டி.என்.ஏ. பரிசோதனைக்குச் சர்வசாதாரணமாக உத்தரவிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2023இல் சொல்லியிருக்கிறது. தபாலில் வந்த கம்பெனித் தாளைக் காட்டி யாருடைய வாரிசுரிமையையும் கேட்கவோ மறுக்கவோ வேண்டாம்.

ஆகவே குழாயைத் திறக்குமுன் வீட்டில் பேசிவிடுங்கள். ரங்கூனில் நன்னியின் வாப்பாவுக்கு இன்னொரு குடும்பம் இருந்தது என்று தெரியவந்தால் என்ன செய்வீர்கள்? நான் அதைக் கேட்டபோது மகள் முகம் மாறியது. நன்னி மட்டும், "இருந்தா அவங்களும் எனக்குக் கூடப்பிறந்தவங்கதானே" என்றார்.

போலீஸ் பற்றிய பயத்தையும் பேரன் கேட்டார். 2018இல் கலிபோர்னியாவில் ஒரு தொடர் கொலைகாரன் ஜெட்மேட்ச் வழியாகப் பிடிபட்டான், அவன் மாதிரி கொடுக்காமலே, உறவினர் கொடுத்ததை வைத்து. அதன் பிறகு ஜெட்மேட்சில் போலீசுக்குக் காட்டலாமா என்று தனியாகச் சம்மதம் கேட்கிறார்கள். ஃபேமிலி ட்ரீயிலும் அதை மறுக்க வசதி உண்டு. நம் நாட்டில் டி.என்.ஏ.வுக்கென்று கொண்டுவந்த மசோதா 2023இல் திரும்பப் பெறப்பட்டது. எனவே சம்மதப் பெட்டிகளைப் படிக்காமல் 'டிக்' செய்யாதீர்கள், உண்மைப் பெயருக்குப் பதில் முதலெழுத்துகள் போதும்.

பர்மா குடும்பங்களைத் தாண்டி இன்னொரு கூட்டம் இருக்கிறது. 1990களின் இறுதியில் வடசென்னையின் ஏழைத் தெருக்களிலிருந்து கடத்தப்பட்ட குழந்தைகள், பொய்ப் பத்திரங்களோடு நெதர்லாந்து, ஆஸ்திரேலியா, அமெரிக்கா எனத் தத்துக் கொடுக்கப்பட்டது 2005இல் வெளியே வந்தது. அதில் முஸ்லிம் வீட்டுக் குழந்தையும் உண்டு. ஸைத் (ரலி) அவர்களும் சிறுவனாகக் கடத்தி விற்கப்பட்டவர்தான். மக்காவுக்கு வந்த சொந்தக் குலத்தார் அடையாளம் கண்டு தந்தைக்குச் சொன்னார்கள். அன்று தொலைந்த குழந்தைகள் இன்று தாமாக மாதிரி கொடுக்கும் வயதில் இருக்கிறார்கள். அந்தத் தாய்மாரின் மாதிரி பட்டியலில் இருந்தால்தான் அவர்கள் தேடும்போது பொருந்தும். வசதியுள்ளவர்கள் இப்படி ஒரு தாய்க்கு ஒரு கிட் வாங்கிக் கொடுக்கலாம்.

கடைசியாக, பொருத்தம் கிடைத்தால் என்ன எழுதுவது? பர்மிய முஸ்லிம்கள் பலருக்கு இரண்டு பெயர்கள், பட்டியலில் பர்மியப் பெயர் மட்டும் இருக்கலாம். நமக்கும் குடும்பப் பெயர் கிடையாது. அதனால் பெயரைப் பார்த்து ஒதுக்காதீர்கள். முதல் கடிதத்தில் வாப்பாவின் பெயர், தமிழ்நாட்டுச் சொந்த ஊர், ரங்கூனில் இருந்த தெரு, கப்பலேறிய ஆண்டு இவற்றை ஆங்கிலத்திலும் பர்மிய மொழியிலும் எழுதுங்கள். தெருவின் இன்றைய பெயரையும் சேருங்கள், மொகல் தெரு இப்போது ஷ்வே பொந்தா தெரு. சூலியா முஸ்லிம்களின் பள்ளிவாசல் யாங்கூனில் இன்றும் இருக்கிறது, அந்த ஜமாஅத்துக்கும் இதே கடிதத்தை அனுப்பலாம். அதற்குச் செலவு தபால் தலைதான்.

பேரன் போனில் கடிதத்தைத் தட்டிக்கொண்டிருந்தபோது நன்னி குறுக்கிட்டு, அக்காவுக்கு இடது புருவத்தில் அரிவாள்மனை வெட்டிய தழும்பு உண்டு, அதையும் எழுது என்றார்.