பொற்காசிற் பொறித்த விலங்குகள்

காசின்மீது விலங்கினைப் பொறித்தல் தமிழர்க்குப் புதியதன்று. சோழர் தம் காசிற் புலியை அமர்த்தி, அதனருகே பாண்டியரின் கயலையும் சேரரின் வில்லையும் பொறித்தனர். யாழ்ப்பாணத்து அரசர் தம் காசில் நந்தியையும் ‘சேது’ என்னும் சொல்லையும் பொறித்தனர். இவ்வுருவங்கள் யாவும் ஆட்சியின் குறிகளாம்.

2020ஆம் ஆண்டிற் பிரித்தானிய அரச நாணயசாலை வெளியிட்ட மூன்று காசுகளோ இம்மரபினின்றும் வேறுபட்டன. அவற்றிற் காணப்படுவன மெகலோசோரஸ், இகுவானொடொன், ஹைலியோசோரஸ் என்னும் டைனோசர்கள். இம்மூன்றன் எச்சங்களையும் ஆராய்ந்தே 1842இல் றிச்சட் ஓவன் என்னும் அறிஞர் அவ்வினத்திற்கு அப்பெயரை வகுத்தார். எவ்வரசிற்கும் கொடியாகாத இவ்வுயிர்கள் மனித அறிவின் வெற்றிக்குக் குறிகளாயின.

இக்காசுகள் பொன்னிலும் அச்சிடப்பட்டன. அவற்றின் நிறை 15.5 கிராம், மாற்று 22 கரட். எனினும், காசின்மீது குறித்த பெறுமதி 50 பென்சு, அஃதாவது அரைப் பவுண் மாத்திரமே.

பவுண் என்பது யாது? சவரின் என்னும் ஆங்கிலப் பொற்காசே அது. 7.98 கிராம் நிறையும் 22 கரட் மாற்றும் உடையது. 1817இல் பிஸ்திரூச்சி என்னும் கலைஞர் அதன் ஒருபுறத்தே, குதிரைமீதமர்ந்து பறவைநாகத்தைக் கொல்லும் வீரனைப் பொறித்தார். 1918இற் பம்பாயிலும் இக்காசு அச்சிடப்பட்டது. காசு கைமாறுதல் நின்றபின்னும் அதன் பெயர் 8 கிராம் பொன்னைக் குறிக்கும் அளவாய் நம்மவர் நாவில் நிலைத்தது. கற்பனை நாகத்தைத் தாங்கிய காசின் வழியில், மெய்யாகவே வாழ்ந்த தொல்விலங்கைத் தாங்கிய காசு தோன்றியது வியத்தற்குரியது.

அரைப் பவுண் எனக் குறித்த காசில் ஏறக்குறைய இரண்டு பவுண் பொன் இருப்பது எங்ஙனம்? காசிற்குப் பெறுமதி மூவகைப்படும். சட்டம் வகுப்பது முகப்பெறுமதி. தராசு காட்டுவது உலோகப்பெறுமதி. சேகரிப்போரின் விருப்பம் அளிப்பது அருமைப்பெறுமதி. சேகரிப்புக் காசின் விலையில் மூன்றாவதும் சேர்ந்துள்ளது. விரும்புவோர் குறையின் அதுவும் குறையும்.

கொஸ்லந்தை முதலிய ஊவாத் தோட்டங்களில், நாட்கூலியின் மிச்சம் தோடாகவும் சங்கிலியாகவும் சேர்கின்றது. இடர் வந்துழி அதுவே அடகுக்கடைக்குச் செல்கின்றது. ஆண்டுத் தராசு நிறுப்பது நிறையையும் மாற்றையுமே. உருவத்தின் அருமையை அது நிறுப்பதில்லை. ஆதலின், டைனோசர்க் காசு கற்றற்கும் கண்டு மகிழ்தற்கும் உரியது. இடர்க்காலத்திற்கெனப் பொன் சேர்ப்போர் முதற்கண் நோக்கவேண்டுவன நிறையும் மாற்றுமேயாம்.