கீறல் சிறிது, கீறியது எது?

மழைக்காலம் வந்தால் நம் மலையூர்ப் படிக்கட்டுகளில் பாசி படர்ந்துவிடுகிறது. ஓடியாடும் குழந்தை அதில் ஒருமுறையேனும் சறுக்கி விழாமல் பருவம் கழிவதில்லை. சிராய்த்த முழங்காலோடு வரும் குழந்தையைவிட, அதைத் தூக்கி வரும் தாயோ தந்தையோ அதிகமாக நடுங்குவதை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். அச்சம் இயல்பானதே. எனினும் அக்காயங்களுள் பெரும்பாலானவற்றுக்கு நாங்கள் செய்வது வீட்டிலேயே செய்யக்கூடிய ஒன்றுதான்.

முதலில் உங்கள் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். பின்பு காயத்தின்மேல் குழாய்நீரை ஓடவிட்டு மண்ணைப் போக்குங்கள். இரத்தம் கசிந்தால் தூய துணியால் பத்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். நின்றுவிட்டதா என்று இடையிடையே எடுத்துப் பார்க்க வேண்டாம். அவ்வாறு அழுத்தியும் நிற்காவிட்டாலோ, காயத்தின் வாய் பிளந்திருந்தாலோ மருத்துவமனைக்கு வாருங்கள். காப்பித்தூளும் தேயிலைத்தூளும் அப்பிய காயங்கள் இன்றும் வருகின்றன. அவற்றைக் கழுவி எடுக்கும்போதுதான் குழந்தை மிகுதியாக அழுகிறது. வரும்போது தடுப்பூசி அட்டையையும் கொண்டு வாருங்கள். ஒன்றரை வயதிலும் ஐந்து வயதிலும் போட வேண்டிய ஊக்க ஊசிகள் விடுபட்டிருந்தால், இரணஜன்னித் தடுப்பைப் பற்றி நாங்கள் தனியே முடிவெடுக்க வேண்டியிருக்கும்.

குளிர்ப் பகுதியில் வாழும் நமக்கு வெந்நீர் வாளி ஒரு தனி அபாயம். வெந்நீர் பட்ட இடத்தை இருபது நிமிடம் ஓடும் நீரில் காட்டுங்கள். பனிக்கட்டி, பற்பசை, மை எதுவும் வேண்டாம். உதகையின் குழாய்நீரில் குழந்தை விரைவில் விறைத்துப்போகும். ஆகவே புண்பட்ட இடம் தவிர மற்ற உடலைக் கம்பளியால் போர்த்தியிருங்கள். தலையில் அடிபட்ட குழந்தை மீண்டும் மீண்டும் வாந்தி எடுத்தாலோ, எழுப்பியும் சரியாக விழிக்காவிட்டாலோ, வலிப்பு வந்தாலோ 108-ஐ அழையுங்கள்.

இனி, நாங்கள் உண்மையில் அஞ்சும் காயத்திற்கு வருவோம். அது பார்வைக்கு மேற்கூறிய அனைத்தையும்விடச் சிறியது. தெருநாயோ, வளர்ப்பு நாயோ, பூனையோ, தின்பண்டத்தைப் பறிக்க வந்த குரங்கோ கீறிய ஒரு கோடு. பல் பதிந்து இரத்தம் வந்தால்தான் ஆபத்து என்பது தவறு. நகக்கீறலும் போதும், ஏற்கெனவே உள்ள புண்ணை நாய் நக்கினாலும் போதும். வெறிநோயின் அறிகுறிகள் தோன்றிவிட்டால் அதைக் குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. அறிகுறி தோன்றப் பெரும்பாலும் சில வாரங்களோ மாதங்களோ ஆகும். அந்த இடைவெளியில்தான் தடுப்பூசி உயிரைக் காக்கிறது.

இந்த இடைவெளியின் அருமையை நீலகிரி நன்கறியும். 1885 ஜூலையில் நாய்க்கடிபட்ட ஒன்பது வயதுச் சிறுவன் ஜோசப் மீஸ்டரை அவன் தாய் பாரிசுக்கு அழைத்துச் சென்றாள்; லூயி பாஸ்டரின் ஊசி அவனைக் காத்தது. தென்னிந்தியாவில் கடிபட்டோர் அதே சிகிச்சைக்காக ஒரு காலத்தில் இமயமலை அடிவாரத்துக் கசௌலி வரை செல்ல வேண்டியிருந்தது. 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் தொடங்கப்பட்ட பின்னரே அந்த நெடும்பயணம் தவிர்ந்தது. தொப்புளைச் சுற்றிப் போட்ட பழைய ஊசிகளின் நினைவால் இன்றும் சில பாட்டிமார் தயங்குகிறார்கள். அம்மருந்து இப்போது வழக்கில் இல்லை. இன்று அரசு மருத்துவமனைகளில் கையின் தோலில் சிறு ஊசியாகப் போடுகிறார்கள். முதல் நாளுக்குப் பின் 3, 7, 28ஆம் நாள்களில் மறுபடியும் வர வேண்டும். இரத்தம் வந்த காயமாயின் அதைச் சுற்றி வேறொரு மருந்தும் செலுத்தப்படும். நாயைப் பத்து நாள் கவனித்துவிட்டு வரலாம் என்று காத்திருக்காதீர்கள். சோப்பிட்டு, ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே புறப்படுங்கள். மிளகாய்த்தூளும் சுண்ணாம்பும் கூடாது; கட்டும் போட வேண்டாம்.

இத்தனையும் பெற்றோருக்குத் தெரிந்திருந்தும் தவறிப்போவதற்கு ஒரு காரணம் உண்டு. குழந்தை சொல்வதில்லை. நாயைச் சீண்டியதற்காக அடி விழும் என்று அஞ்சி, “கல் தடுக்கி விழுந்தேன்” என்றுவிடுகிறது. சென்ற மாதம் முழங்கால் சிராய்த்தபோது நாம் போட்ட கூச்சலை அது மறக்கவில்லை. ‘சொன்னால் கேட்கிறாயா’ என்று நாம் கடிந்துகொள்வதும் அன்பினால்தான். குழந்தைக்கு அது அப்படிக் கேட்பதில்லை. சிறு காயத்தின்போது நம் முகம் அமைதியாயிருந்தால், பெரிய காயத்தை அது நம்மிடம் கொண்டுவரும்.

தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் தாய்க்குப் பகலில் பிள்ளைக் காப்பகத்தில் நடந்தது தெரிய வழியில்லை. அவரிடம் நாங்கள் ஒன்று வேண்டுகிறோம். மாலையில் குளிப்பாட்டும்போது கை, கால், முதுகு, காதின் பின்புறம் ஆகியவற்றைப் பாருங்கள். புதிய கோடு தென்பட்டால் முதலில் அதைத் தடவிக் கொடுங்கள். “யார் வந்து கீறினாங்க, நாயா, குரங்கா? அம்மா திட்ட மாட்டேன்” என்று கேளுங்கள். ‘நாய்’ என்று பதில் வந்தால், சொன்னபடியே திட்டாதீர்கள், சோப்பை எடுங்கள்.